கேலரிக்குக் கீழே கேட்ட ஆட்டம்

டேட்டன், ஒஹாயோ
18 மே 1884, ஞாயிறு

அன்பு மகன் எமிலுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதைச் செய்தித்தாளின் ஆட்டப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

நம் ஊரிலும் சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் கிளப் தொடங்கிவிட்டார்கள். பீர் ஆலை முதலாளி ஷ்லேகல்தான் தலைவர். கேப்டன் கார்மடி என்ற ஐரிஷ்காரர். காலையில் சுருட்டுக் கடையில் நின்று டிக்கெட் விற்பதும் அவர்தான், மைதான வேலியில் கடை விளம்பரம் எழுதுவதும் அவர்தான். மூன்று மணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு ஆட இறங்கிவிடுவார். எண்ணூறு பேர் உட்காரும் கேலரி கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நீ சிரிக்கலாம். மூன்று வருடம் முன்பு நீ ஆடப் போகிறேன் என்றபோது இந்த ஆட்டத்தை என்னவெல்லாம் ஏசினேன் என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

நேற்று முதல் ஆட்டம். ஆயிரம் பேருக்கு மேல் ஏறிவிட்டார்கள். கொஞ்சம் பேரை இறக்கச் சொன்னேன். "காசு குடுத்து ஏறினவன எப்படிய்யா எறக்கறது? நீ கட்டினதாச்சே, தாங்கும்" என்றார் ஷ்லேகல். முட்டுக் கட்டைகளையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு கேலரிக்கு அடியில் போய் நின்றுவிட்டேன். விழுந்தால் முதலில் என் தலையில் விழட்டும் என்றுதான்.

அதனால் ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்கும், ஒரு நொடி அமைதி, பிறகு ஆயிரம் பேரும் சேர்ந்து மிதிப்பார்கள். என் மேல் மரத்தூள் கொட்டும். நடு உத்தரம் ஒருமுறை முனகியது. ஓடிப்போய் முட்டுக் கொடுத்தேன், நின்றுவிட்டது. ஆறாவது சுற்றில் உத்தரத்தையே மறந்துபோனேன். அமைதி வரும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எமில்.

ஆட்டம் முடிந்ததும் கார்மடி குனிந்து உள்ளே வந்தார். "பெரியவரே, ஜெயிச்சுட்டோம், தெரியுமா?" என்றார். "மிதிச்ச மிதியிலயே தெரிஞ்சுது" என்றேன். என் பெயரைக் கேட்டுவிட்டு, "எமில் ஹெல்விக் உங்களுக்கு என்ன வேணும்? அவன்கூட ஒரு வருஷம் ஆடியிருக்கேன். வெறுங்கையால பந்து பிடிப்பான். ரெண்டு விரல் ஒடஞ்சும் வெளிய வரமாட்டேன்னு நின்னவன்" என்றார்.

என் மகன் என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

எந்த விரல்கள் என்று அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்காவது பதில் எழுது.

ஜூலையில் உங்கள் அணி இங்கே ஆட வருகிறதாம். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு விடுதி ஏற்பாடு செய்கிறார்கள். உனக்கு விடுதி வேண்டாம், வீடு இருக்கிறது என்று கார்மடியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கடவுள் உன் பத்து விரல்களையும் காக்கட்டும்.

உன் அப்பா,
கன்ராட் ஹெல்விக்