ஒரு நாளும் மக்கர் பண்ணாத வண்டி

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமா என்பதைத்தான் எழுதவே இல்லை. போன கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் டொயோட்டா. உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் கடைசிப் பக்கத்தில் ஓரமாக, நெருக்கி எழுதியிருந்தது. பார்த்தேன்.

வண்டி வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே பழைய கொரோலா, வெள்ளை நிறம். உங்கள் தம்பிதான் தரகரைப் பிடித்தார். அந்தத் தரகருக்கு நான் ‘சிரிப்பு’ என்று பேர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் முதலில் சிரிக்கிறார், அப்புறம்தான் பதில். எஞ்சின் எப்படி என்றேன், சிரித்தார். எங்கேயாவது மோதிய வண்டியா என்றேன், அதற்கும் சிரித்தார். நல்ல வண்டியை ஏன் விற்கிறார்கள் என்றேன். அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

விற்றவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வண்டியை ஒப்படைக்கும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று எங்கே என்றால் தொலைந்துபோயிற்றாம். டாக்டர் சீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் மருந்தை எடுத்துக் கொடுக்காத மனிதர் அவர். சாவியைத் தொலைப்பாரா?

எங்கேயோ பெரிய பழுது ஒளிந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லையாம். அதைக் கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். இந்தக் கம்பெனி வண்டியை நம்பி ஒரு மெக்கானிக் குடும்பம் நடத்த முடியாது, அப்பன் ஓட்டியதை மகன் ஓட்டுகிறான், மகன் ஓட்டியதை விற்றால் வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு அது குறை. எனக்கோ பயம் இன்னும் கூடிவிட்டது. குறையே இல்லாத பொருளை ஒருத்தர் ஏன் கைகழுவ வேண்டும்?

நீங்கள் எழுதிய கதையைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜப்பானில் தறி செய்துகொண்டிருந்த குடும்பம், ஒரு நூல் அறுந்தாலும் தானாகவே நின்றுவிடும் தறி, அதன் உரிமையை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றது, மகன் கார் செய்யக் கிளம்பியது. குடும்பப் பேர் டொயோடா, ஜப்பான் எழுத்தில் எட்டுக் கோட்டில் எழுதினால் ராசி என்று அது டொயோட்டா ஆனது. தொழிற்சாலையில் யார் கண்ணில் தப்பு பட்டாலும் ஒரு கயிற்றை இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாம் என்பது. எல்லாவற்றையும் படித்தேன். தறி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா எப்போது வருவார் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். கார் எப்படி வந்தது என்று எழுதியிருக்கிறார் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

•

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. நீங்கள் வேலை பார்க்கிற முகாமுக்குத் தபால் சேரத் தாமதமாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இதை நான் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நம் வண்டியை யாரோ எடுத்து ஓட்டுகிறார்கள்.

சிரிக்காதீர்கள். காலையில் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வண்டியை வீட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டுத்தான் நான் வேலை பார்க்கும் கடைக்கு நடந்து போகிறேன். மத்தியானம் மறுபடி எடுக்கும்போது கண்ணாடி மாறியிருக்கிறது. உள்ளே நடுவில் இருக்கிறதே, பின்னால் பார்க்கிற கண்ணாடி, அதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவள் நான். ஒரு நூல் சாய்ந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. என்னைவிட உயரமான ஒருத்தர் அதைத் தனக்கு வாகாகத் திருப்பி வைத்திருக்கிறார். இருக்கையும் பின்னால் தள்ளியிருக்கிறது. முன்கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. நான் அதைத் துடைக்கவே இல்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, பெட்ரோல் முள் நான் விட்டுப்போன இடத்துக்கு மேலே நிற்கிறது. எந்த ஊரில் திருடன் பெட்ரோல் போட்டு வைப்பான்?

பூட்டு உடையவில்லை, கீறல் இல்லை. அப்படியானால் சாவி இருக்கிறவர்தானே? சிரிப்பிடம் போய் நின்றேன். வண்டி நல்ல நிலையில் இருப்பதாகப் புகார் சொல்ல வந்த முதல் ஆள் நான்தானாம். மெக்கானிக் மேலும் சந்தேகம். எதிர்வீட்டுத் தையல்காரர் மேலும் சந்தேகம். அவர் மெஷினை மிதிப்பதே நம் வாசலைப் பார்த்தபடிதான். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

அப்புறம் உங்கள் தம்பி. உயரமானவர், வண்டி வாங்கும்போது கூடவே இருந்தவர், சாவியைக் கையில் வாங்கி எனக்குக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். வண்டியை யாரோ ஓட்டிப் பழகுகிறார்கள் போல, கேட்டால் நானே கொடுத்திருப்பேன் என்று காற்றோடு பேசுகிற மாதிரி சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்தார். வேண்டுமென்றால் கேட்டிருப்பேன் அண்ணி என்று மட்டும் சொன்னார். பாப்பா காலைக் கட்டிக்கொண்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கோபித்துக்கொண்டது உண்மையான கோபமா, தப்பித்துக்கொள்கிற கோபமா, எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளாக எனக்கு எதையும் நம்ப முடியவில்லை. தூரத்தில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா

•

பாப்பாவின் அப்பாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பா பத்திரமாக இருக்கிறாள், பக்கத்தில் தூங்குகிறாள். இனி பதறாமல் படியுங்கள்.

இன்று மத்தியானம் பள்ளியிலிருந்து வரும்போது அவள் பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். வாசலில் நிறுத்திவிட்டு, சாமான் பையை முதலில் உள்ளே வைத்து, வீட்டைத் திறந்துவிட்டு வந்து அவளைத் தூக்கிக்கொள்ளலாம் என்று போனேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை. சாவி என் கையில் இருக்கிறது, வாசலில் வண்டி இல்லை. கத்தினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். எதற்கு இப்படிப் பதறுகிறீர்கள், உங்கள் மாமனார்தானே எடுத்துக்கொண்டு போனார் என்றார். எந்த மாமனார்? நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர் அல்லவா உங்கள் அப்பா! தினமும் முற்பகலில் ஒரு பெரியவர் வருவாராம், இன்றைக்குத்தான் தாமதமாம். துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைப்பாராம், டயரில் காற்றுப் பார்ப்பாராம், ஒரு சுற்று ஓட்டிவிட்டு அதே இடத்தில் நிறுத்திவிட்டுப் போவாராம். தையல்காரருக்கு வணக்கம் சொல்லாமல் போனதே இல்லையாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

யாரைக் கூப்பிடுவது? என் விரல் உங்கள் தம்பியின் எண்ணைத்தான் அழுத்தியது. என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் வந்து நின்றார். தையல்காரர் கை காட்டிய திசையில் போனோம். வழியெல்லாம் நான் எதையெதையோ நினைத்தேன். அதை எழுத மாட்டேன்.

பெரிய சாலை நாற்சந்தியில் ஒரே ஹாரன் சத்தம். நடுச்சாலையில் நம் வண்டி, கதவெல்லாம் திறந்தபடி நின்றது. பின்னால் பேருந்து, லாரி, கூட்டம். நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறான், இன்னொருத்தன் கையை ஓங்குகிறான். அவர் எதையும் கவனிக்கவில்லை. ஒரு கையில் பாப்பாவின் கையைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையால் மடித்த செய்தித்தாளை அவள் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். அவள் செருப்பு வண்டிக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. தார் சுடும் என்று தன் செருப்பைக் கழற்றி அவளை அதன்மேல் நிற்க வைத்திருக்கிறார். அவருடைய வெறுங்கால் இரண்டும் தாரில்.

நான் பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவர் என்னைப் பார்த்து, ஏதோ ஆறுதல் கிடைத்த மாதிரி சொன்னார்:

“வண்டி என்னுதும்மா. குழந்தை யாருன்னு தெரியல. கண்ணாடில பார்த்தேன், பின்னாடி தூங்குது. எனக்கு ஒண்ணும் புரியல. புரியலன்னா ஓட்டக் கூடாது இல்லையா? அதான் அங்கயே நிறுத்திட்டேன்.”

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் தம்பி கூட்டத்தை விலக்கி, அவரை நிழலில் உட்கார வைத்தார்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். பாப்பா புரண்டு படுக்கிறாள்.

பாப்பாவின் அம்மா

•

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இப்போது கொஞ்சம் நிதானமாக இருக்கிறேன்.

அந்தப் பெரியவர் மருந்துக்கடைக்காரரின் அப்பா. மனைவி பிரசவத்துக்குப் போனது, மகனைக் கல்லூரியில் சேர்த்தது, மனைவியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எல்லாம் அந்த வண்டியில்தான். இப்போது அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். மகன் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தாராம். இவர் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அன்று எங்களை அழைத்துப்போன காவல் நிலையத்தில் என் எதிரே தலையைக் குனிந்துகொண்டு மகன் சொன்னார்:

“வேற வண்டியா இருந்தா என்னைக்காவது ஒரு நாள் நின்னு போயிருக்கும், அவரும் வீட்ல இருந்திருப்பார். இது ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. அதான் வித்தேன்.”

தொலைந்துபோன சாவி உண்மையிலேயே தொலைந்ததாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். அது பெரியவரின் இடுப்பில், பெல்ட்டுக்கு உள்பக்கம் இருந்திருக்கிறது. நம் வாசலில் வண்டி நிற்பதை வழியில் பார்த்தவர், அன்றிலிருந்து தினமும் வந்திருக்கிறார். மகனுக்குத் தெரியும், மறைத்துவிட்டார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வண்டியின் பூட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

நேற்று மறுபடி வந்தார், சாவி இல்லாமல், துணியோடு. கண்ணாடியைத் துடைத்தார். கதவைத் திறக்கப் பார்க்கவில்லை. பாப்பாவை உள்ளே வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதவின் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கிறது, என்ன செய்வது? தையல்காரர் மூலம் மருந்துக்கடைக்குச் சொல்லியனுப்பினேன். மகன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

உங்கள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல், சந்தேகப்பட்டேன், தப்பு என்று சொன்னேன். விடுங்கள் அண்ணி என்றார். பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தார். ஆனாலும் அன்று மிச்சம் வைத்துப் போன அந்த அரை டம்ளர் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் உங்களிடமும் நேராகவே கேட்கிறேன். உங்கள் முகாமில் சமையல் பார்ப்பவர் விடுப்பில் வந்திருக்கிறார். எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். ஒப்பந்தத்தை அவர்களாக நீட்டிக்க மாட்டார்கள், நாமாகக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா? வண்டிக்காக என்றால் சொல்லுங்கள், நாளைக்கே விற்றுவிடுகிறேன். சிரிப்பு அதற்குள் வாங்க இரண்டு ஆள் வைத்திருக்கிறார். வேறு காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று காவல் நிலையத்தில், நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு போலீஸ்காரர் பாப்பாவை மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா பேர் கேட்டார். டக்கென்று சொன்னாள். எங்கே வேலை என்றார். தூரத்தில் என்றாள். அப்பா பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டார். கொஞ்சம் யோசித்தாள். உயரமா இருப்பார், கண்ணாடி போட்டிருப்பார் என்றாள்.

நீங்கள் கண்ணாடி போடுவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்திலும் போட்டிருக்கவில்லை. கண்ணாடி போட்டிருப்பவர் உங்கள் தம்பி.

நான் திருத்தவில்லை. அங்கே போன பிறகு ஒருவேளை உங்களுக்குப் பார்வை மங்கிக் கண்ணாடி போட ஆரம்பித்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? அப்படி இருந்தால் பவர் என்னவென்று எழுதுங்கள், நல்ல ஃபிரேமாக எடுத்து வைக்கிறேன். இல்லையென்றால் வெறும் முகத்தோடு வந்து ஒரு முறை அவள் எதிரில் நில்லுங்கள். அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பாப்பாவின் அம்மா