டோர்தேயைக் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை

விண்ட்பி, டென்மார்க்
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு

அன்புள்ள எஸ்பன்,

நானும் அப்பாவும் இங்கே சுகம், மெல்போர்னில் குளிர் தொடங்கியும் நீயும் மால்டேயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே அப்பா சொல்லித்தான் தெரிகிறது. ஆகஸ்டில் உங்கள் கல்யாணம், அதுவும் நம் ஆலயத்திலேயே என்பது அப்படித்தான் தெரிந்தது, நடத்திவைக்கப்போவது பக்கத்துச் சபைப் போதகர் டோர்தே என்பதும் அப்படித்தான். அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை கூடாது என்று இத்தனை வருஷம் பிரசங்கம் செய்தவள் இதை எழுதக் கூடாதுதான், ஆனால் எரிகிறது. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவள் நான், திடப்படுத்தல் ஆராதனையில் உன் தலையில் கை வைத்தவள் நான், கல்யாணத்துக்கு மட்டும் அவள் கையா? டோர்தே பாட்டு எடுத்தால் சபை ஒரு பக்கம் போகும் அவள் ஒரு பக்கம் போவாள், பிரசங்கத்தில் பாதி அவள் நாயைப் பற்றி, அப்படியும் அவள் ஆலயத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் என்னையே தொலைபேசியில் கூப்பிட்டு, நாங்கள் அங்கிக்கு மேல் போடுகிற மடிப்பு வைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பற்றி விசாரிக்கிறாள். "உங்களுதுக்கு யார் கஞ்சி போடுறாங்க? என்னுது தொங்கிப் போச்சு, உங்க பையன் கல்யாணத்துக்காவது நிமிர்ந்து நிக்கட்டுமே" என்றாள். முகவரி கொடுத்தேன், தப்பாகக் கொடுக்க நாக்கு துடித்தது. உன் அப்பாவோ அவள் அனுப்பிய பாட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிப் பழகுகிறார். மறுக்கிற உரிமை போதகருக்குத்தான், ஆர்கன் வாசிக்கிறவருக்கு இல்லையாம், வாசி என்றார்கள் வாசிக்கிறாராம், சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் உன் பதிலைச் சொன்னார். "அம்மாவைத் தர்மசங்கடத்துல மாட்டிவிட வேணாம்பா, அவங்க பேசினதைப் பேப்பர்ல படிச்சேன்" என்றாயாம். நீயே அவனுக்கு எழுது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். நீ படித்தது என் பேச்சில் பாதி, எஸ்பன். அன்றைக்குப் போதகர்கள் கூட்டத்தில் பேச்செல்லாம் போதகர் ஹோல்கரைப் பற்றி. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தை நடத்த மாட்டேன் என்கிறார் அவர், இப்போதுள்ள சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, அவர் மறுத்தால் இன்னொரு போதகர் வந்து நடத்துகிறார். இனி யாரும் மறுக்கவே கூடாது, மறுத்தால் வேலை போக வேண்டும், அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று டோர்தே கையெழுத்து வாங்க வந்தாள். நான் போடவில்லை. ஹோல்கர் எனக்கு மாமனா மச்சானா? பெண் போதகர் என்பதால் இன்றுவரை என் கையைக்கூடக் குலுக்காத மனிதர். ஆனாலும் வேலை போய்விடுமே என்று பயந்து ஒருவர் வாயிலிருந்து வருகிற ஆசீர்வாதம் யாருக்கு வேண்டும், உனக்கு வேண்டுமா? அதைத்தான் சொன்னேன். பத்திரிகைக்காரன் "கட்டாயப்படுத்தக் கூடாது" என்பதை மட்டும் என் படத்துக்குக் கீழே போட்டுவிட்டுப் போனான். நான் மாட்டேன் என்று எங்கே சொன்னேன்? நீ மால்டேயை முதன்முதலில் கூட்டிவந்த அன்றைக்குப் பொரித்த மீனில் பெரிய துண்டை யார் தட்டில் வைத்தேன், அவன் தட்டில்தானே?

டோர்தேயிடம் என்ன சொல்வாயோ, அது உன் பாடு. அவளும் வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும், கேக் சாப்பிடட்டும், பாட மட்டும் வேண்டாம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், மால்டேக்கு என் முத்தம், கம்பளிக் காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது, போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. உங்கள் கல்யாணத்தை நடத்து என்று என்னை எந்தச் சட்டமும் சொல்ல முடியாது, நீ சொல்லலாம். அப்பாவிடம் அல்ல, என்னிடம் கேள்.

கேட்பாய் என்று காத்திருக்கும்
உன் அம்மா
ராங்ஹில்