ரப்பர் தொப்பிக்குள் சந்தனம்

என் அன்புப் பாவா,

எழுத்துகள் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் கிடக்கின்றன, கோபிக்காதீர்கள். முதியோர் பள்ளியில் இப்போதுதான் சொந்தமாக எழுத வந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் எனக்கே சிரிப்பாக வருகிறது. "சிலேட்டு தூக்கிக்கினு போற வயசாடா இது?" என்று அக்கா கிண்டல் செய்கிறாள். உங்களைப் பறிகொடுத்த பிறகு அவள் சிரிப்பது இதற்கு மட்டும்தான்.

உங்கள் டாக்சியை விற்கப் போகிறோம். திருத்தணி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றிப்போக வீட்டில் ஆளில்லை. எனக்கும் கண் மங்கிவிட்டது. பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சூடேறியும் சூடு காட்டும் மீட்டரின் ஊசி அசையவில்லை. "இத்த சரி பண்ணி வைங்க, எடுத்துக்கினு போறேன்" என்றார். அக்கா வண்டிக் கதவைத் தடவிக்கொண்டே நின்றாள். சரியாகாமலே இருக்கட்டும் என்று நினைத்தாளோ?

நேற்று பானெட்டைத் திறந்தேன். நீங்கள் செய்வது போலவே, இன்ஜினில் சூட்டை அறிந்து சொல்லும் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவி போட்டு, ஒயர் நுனியை இன்ஜின் இரும்பில் வைத்தேன். ஊசி துள்ளிக் கடைசிக்கே போனது. மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. யூனிட்டின் பித்தளை முனையைப் பார்த்தேன். ஒயர் நுனியின் ரப்பர் தொப்பி மூடியிருந்த இடத்தில், காய்ந்த சந்தனம்.

நீங்கள் இறந்து வருஷம் இன்னும் திரும்பவில்லை, இந்த ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தோம், பாவா. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான்தான் வெச்சேன். வெளிய வெச்சா நீங்கள்லாம் பார்ப்பீங்க. வண்டி இன்னாடா பாவம் பண்ணிச்சு?"

சந்தனம் நடுவில் இருந்தால் கரண்ட் பாயாது என்று மட்டும் சொன்னேன். "அப்படியே உட்டுடட்டுமாக்கா? ரிப்பேர் ஆவலன்னு சொல்லிடறேன்."

"அறிவு இருக்குதாடா? எவனாவது ஊசிய நம்பி மலை ஏறி இன்ஜினக் கொளுத்திக்கவா?"

அவளே நகத்தால் சுரண்டினாள். முந்தானையால் துடைத்தாள். ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் ஊசி மெல்ல ஏறியது.

"ஏறுதா?"

"ஆங், ஏறுதுக்கா."

"அப்ப அந்தாள வரச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டாள். நேற்று ராத்திரி அவள் சோறு தொடவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி போகிறது. அன்று முதல் நான் அக்கா வீட்டில்தான் இருப்பேன், பாவா. அவளைத் தனியாக விடமாட்டேன். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் தம்பி,
உங்கள் மச்சினன்
ஏழுமலை