மூன்று அம்புக்குறிகள்

ஆலங்காயம்
12.5.2025

அன்புள்ள கோகிலா,

உன் வேலையில் ஒழுங்கு என்பதே கிடையாது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். போன மாதக் கூட்டத்துக்கு நீ கொண்டுவந்த விவரமெல்லாம் எதில் இருந்தது என்று நினைத்துப் பார். இரண்டு மாத்திரை அட்டைகளின் பின்பக்கம், ஒரு பஸ் டிக்கெட், உன் இடது உள்ளங்கை. உள்ளங்கையில் இருந்ததைப் பாதி வியர்வை அழித்துவிட்டது. நம் இயக்குநர் அசோக்குமார் சார் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இந்த அமைப்பில் உன்னைச் சுகாதாரப் பணியாளராகச் சேர்த்துவிட்டவள் நான்தானே.

பதின்மூன்று வயதில் நீ ஹாஸ்டலுக்கு வந்தபோது உன் பெட்டியை அடுக்கிக் கொடுத்ததும் நான்தான். இப்போதும் அதையே செய்கிறேன். இந்தக் கடிதத்தோடு நம் அமைப்பின் ஜீப்பில் ஒரு நோட்டு வருகிறது. கோடு இருக்காது, பக்கம் முழுக்கப் புள்ளிகள்தான். இதற்கு புல்லட் ஜர்னல் என்று பெயர். பெங்களூரு பயிற்சியில் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கை நேரானதே அதற்குப் பிறகுதான்.

தொடங்குவது சுலபம். பக்கங்களுக்கு எண் போடு. முதல் இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிடு. அடுத்த பக்கத்தில் மாதத்தின் தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. அதன்பிறகு அன்றன்றைக்கு உள்ளது. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் புள்ளியின் மேல் பெருக்கல் குறி. முடியாமல் வேறு நாளுக்குத் தள்ளினால் அம்புக்குறி. தேவையே இல்லை என்றாகிவிட்டால் வரியின் மேல் ஒரு கோடு. ஒரு வேலைக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

உன் ஊரில் போன் எடுக்காது. கடிதமாகவே எழுது, செவ்வாய்க்கிழமை ஜீப்பிலோ பஸ் கண்டக்டரிடமோ கொடுத்துவிடு. முதலில் எழுதிய பக்கங்களை எனக்குக் காட்டு.

உன் அக்கா,
சில்வியா

நாவல்கொல்லை
4.6.2025

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மா உங்களுக்குத் தேன் எடுத்து வைத்திருக்கிறார். ஜீப் வராததால் பாட்டில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நோட்டு வந்து மூன்று நாள் வரைக்கும் நான் அதில் கை வைக்கவில்லை. அவ்வளவு வெள்ளையாக இருந்தது. பிறகு துணிந்து என் பொறுப்பில் உள்ள ஏழு ஊர்களையும் எழுதினேன். கர்ப்பிணிகள் பதினொன்று, கைக்குழந்தைகள் பதினாறு, காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். எல்லோரையும் ஒரே பக்கத்தில் பார்த்ததும் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை பேரையும் தலையில் வைத்துக்கொண்டா இதுவரை மலையேறி இறங்கினேன்?

தேவயானி வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அவள் மாமியார், சின்னக்குழந்தை என்று பெயர், எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, வெறும் புள்ளியா கீது? கோலம் போடவா உன்ன வேலைக்கு வெச்சிக்கிறாங்க?" என்றார். தேவயானி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். "சும்மா இரு அத்தே. என் பேரு அதுல கீதாம். எங்க, காட்டு கோகிலா" என்றாள். ரேஷன் கார்டிலேயே இன்னும் ஏறாத பெயர் அது. தடவித் தடவிப் பார்த்தாள்.

அவளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். அவளுக்கு ஏழாம் மாதம். ரத்தம் பதினொன்றாவது இருக்க வேண்டும், ஆறுதான் இருக்கிறது. திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். புருஷன் ராஜாக்கண்ணு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பஸ் ரோடு ஆறு கிலோமீட்டர். 108 வண்டியும் அதுவரைதான் வரும். ஊருக்குள் ஏறுவது நம் ஜீப் ஒன்றுதான். நேற்று அதில் அவளை அழைத்துப்போகப் புள்ளி வைத்திருந்தேன். ஜீப் வரவில்லை. அம்புக்குறி போட்டு, கீழே காரணத்தையும் எழுதினேன்: "காலை எட்டு மணியிலிருந்து மூன்று வரை மூட்டையோடு காத்திருந்தோம். தேவயானிக்கு மயக்கம் வந்தது. ஜீப் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை."

சரியாக எழுதியிருக்கிறேனா என்று பாருங்கள். நோட்டையே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
கோகிலவாணி

ஆலங்காயம்
7.6.2025

அன்புள்ள கோகிலா,

நோட்டைப் பார்த்தேன். உன் கையெழுத்து இவ்வளவு அழகு என்பதை மறந்தே போயிருந்தேன். ஏழு ஊர்களை ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறாயே, அதை சாரிடம் காட்டினேன். அசந்துபோனார்.

ஆனால் ஒன்று. இது ஜர்னலா, புலம்பலா? காத்திருந்தோம், மயக்கம் வந்தது, யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் எதற்கு? காரணம் எழுத எழுத மனசு அங்கேயே நின்றுவிடும். அம்புக்குறி போடு, அடுத்த வரிக்குப் போ. இந்த முறையின் உயிரே அதுதான். செவ்வாய் அன்று ஜீப் சாரின் வேலையாக வேலூர் போயிருந்தது. சொல்லியனுப்ப மறந்துவிட்டேன். அதற்காக நோட்டில் எழுதி வைப்பாயா?

எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. புதிதாக, சுத்தமாக எழுது. குறிகளை மட்டும் போடு. வயலெட், பச்சை என்று இரண்டு பேனா வைத்திருக்கிறேன். வரும் பதினேழாம் தேதி மும்பையிலிருந்து நன்கொடையாளர்கள் வருகிறார்கள். புதூர்நாட்டில் கூட்டம். உன் நோட்டைத்தான் காட்டப்போகிறோம். நாலு பேர் கையில் புரளப்போகிற நோட்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உன் அக்கா,
சில்வியா

நாவல்கொல்லை
11.6.2025

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே திரும்ப எழுதிவிட்டேன். காரணம் எதுவும் இல்லை. வயலெட் பேனா நன்றாக இருக்கிறது. தலைப்புகளுக்குப் பச்சை.

நேற்றும் ஜீப் வரவில்லை. கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றப் போய்விட்டது என்று கண்டக்டர் சொன்னார். தேவயானிக்கு இரண்டாவது அம்புக்குறி போட்டேன். வரி சுத்தமாக இருக்கிறது. அவள் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை.

பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆறு கிலோமீட்டரு நடந்து, அந்தக் கூட்டத்துல நசுங்கிக்கினு போவ என் மருமவ இன்னா ஆடா? ஜீப்பு வரட்டும், அனுப்புறேன். வராத ஜீப்புக்கு நீ எதுக்குப் புள்ளி வெக்கிற?" என்று கேட்டார்.

பதினேழாம் தேதி என்னைக் கூட்டிப்போக ஜீப் எப்படியும் இங்கே வரும். அதில் தேவயானியையும் ஏற்றிக்கொள்ளலாமா அக்கா? நான் கூட்டத்தில் இருக்கிறேன். ஜீப் அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரட்டும். ஒரு வரி பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
கோகிலவாணி

ஆலங்காயம்
13.6.2025

அன்புள்ள கோகிலா,

பதினேழு முடியாது. ஐந்து விருந்தினர், ஒரு கேமராக்காரர், நீ. திரும்பும்போது அவர்களைக் காட்பாடியில் ரயிலேற்ற வேண்டும். ஜீப் திருப்பத்தூர் போய்வந்தால் அன்றைய நாளே கெட்டுவிடும். அவர்கள் நடுவில் அவளை உட்காரவைத்து, வழியில் அவள் வாந்தி எடுத்தால் யார் பதில் சொல்வது?

இருபத்து நான்குக்குத் தள்ளு. குற்ற உணர்ச்சி இல்லாமல் ஒரு வேலையை நகர்த்தி வைக்கத்தானே அம்புக்குறி. ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. மூன்று வருடமாக எத்தனை கர்ப்பிணிகளைப் பார்க்கிறோம்.

எட்டு மணிக்குத் தயாராக இரு. பருத்திப் புடவை கட்டிக்கொள். நோட்டை மறந்துவிடாதே.

உன் அக்கா,
சில்வியா

நாவல்கொல்லை
23.6.2025

அன்புள்ள சில்வியா அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை தேவயானி இறந்துவிட்டாள்.

விடிந்ததிலிருந்து ரத்தம் போனது. ஆறு பேர் கட்டிலோடு தூக்கினார்கள். நான் கூடவே ஓடினேன். ஓடையைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "இன்னும் எவ்ளோ தூரம் கோகிலா?" என்று கேட்டாள். "தோ, வந்துட்ச்சு" என்றேன். அங்கிருந்து இன்னும் பாதி வழி இருந்தது. ரோட்டில் கட்டிலை இறக்கி வைத்தபோது அவள் இல்லை. குழந்தை வயிற்றிலேயே இருந்தது. அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பதினேழாம் தேதி காலையில் ஜீப் வந்தபோது அவள் வாசலில் மூட்டையோடு நின்றாள். யாரோ சொல்லி நம்பிவிட்டாள். "எடமில்ல, அடுத்த வாரம்" என்றேன். "சரி, நீ போய்ட்டு வா. உன் பொடவ நல்லா கீது" என்றாள். கூட்டத்தில் ஒரு அம்மா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து 'பியூட்டிஃபுல்' என்றார். அவள் பெயருக்கு நேரே மூன்றாவது அம்புக்குறி இருந்தது. வயலெட்டில் போட்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நான் சிரித்தேன்.

இருபத்து நான்காம் தேதிப் பக்கத்தில் அவள் பெயருக்கு ஒரு புள்ளி இருக்கிறது. அதற்கு என்ன குறி போடுவது? தேவையே இல்லை என்றாகிவிட்டால் கோடு என்று எழுதியிருந்தீர்கள். கோடு போடவா?

கோகிலவாணி

ஆலங்காயம்
27.6.2025

அன்புள்ள கோகிலா,

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பூசையில் அவளுக்காக வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தைத் தொடாதே. நோட்டை டிரைவர் சதீஸ்குமாரிடம் உடனே கொடுத்துவிடு, சார் கேட்கிறார். மேலே புகார் போயிருக்கிறது. ஒன்பதாம் தேதி விசாரணை. பயப்படாதே, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அதுவரை ஊரில் எதையும் பேசாதே. முக்கியமாக ஜீப் பேச்சை எடுக்காதே. பேசினால் ஜீப்பையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் உன் ஏழு ஊரும் என்ன ஆகும் என்று யோசி. எனக்கும் இங்கே அப்பா படுத்த படுக்கை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு இல்லை. என் நிலைமை உனக்குப் புரியும்.

உன் அக்கா,
சில்வியா

நாவல்கொல்லை
10.7.2025

சில்வியா அக்காவுக்கு,

சொன்னபடி நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அசோக்குமார் சாருக்குப் பக்கத்தில்.

நோட்டைப் புரட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல சார் கேட்டார்: "மூணு வாரம் தள்ளிப் போட்டிருக்காங்க. ஏன்னு ஒரு வார்த்தை எழுதலையே. யார் எழுத்து இது?" நீங்கள் குனிந்துகொண்டு, "அவங்க எழுத்துதான் சார்" என்றீர்கள். அவங்க. பதின்மூன்று வயதிலிருந்து என்னை 'ஏய்' என்று கூப்பிட்ட வாய்.

உங்கள் கடிதங்களை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "அக்கா தங்கச்சி கடிதாசியெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதும்மா" என்றார். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். ஜீப்புக்கும் ஒரு புத்தகம் இருக்குமே, எந்த நாள் எங்கே ஓடியது என்று, அதையும் பாருங்கள் என்றேன். அது வேறு விஷயம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் தலையாட்டினீர்கள். அன்றே என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம்: கவனக்குறைவு.

அது போகட்டும். ராஜாக்கண்ணு திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில், ஊர்க்கவுண்டர் கோபால்சாமி முன்னால் என்னை நிறுத்திக் கேட்டார்கள். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டப் போனேன். ராஜாக்கண்ணு என் கையைப் பிடித்து நிறுத்தினார். "காயிதம் வேணாம். காயிதத்துல இன்னா வேணா எழுதலாம். என் பொண்டாட்டிய மூணு வாட்டி காயிதத்துலதான தள்ளின? இத எழுதின பொண்ணு வரட்டும். ஜீப்பு எங்க போச்சின்னு எங்க மூஞ்சியப் பாத்து வாயால சொல்லட்டும்" என்றார். கோபால்சாமியும் அதையே சொன்னார். இங்கே நேரில் நின்று சொல்வதுதான் பேச்சு.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வரவில்லை என்றால் இந்த மலையில் எந்த வீட்டுக்குள்ளும் நான் கால் வைக்க முடியாது. யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. பத்தரை மணி பஸ்ஸில் வாருங்கள், ரோட்டில் வந்து நிற்கிறேன்.

கோகிலவாணி

நாவல்கொல்லை
22.7.2025

சில்வியா,

நீ வரவில்லை. பத்தரை மணி பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் உர மூட்டைதான் இறங்கியது.

தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஏழு ஊரிலும் கர்ப்பிணி இருக்கிற வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாது. என் அண்ணி ஐந்து மாதம். அதனால் என் வீட்டு வாசலும் அதில் சேர்ந்துவிட்டது. சாமைக் கொல்லைக் காவல் குடிசையில் இருக்கிறேன். அம்மா சோற்றை வரப்பில் வைத்துவிட்டுப் போகிறார்.

தீர்ப்புக்கு முன்னால் நான் பேசினேன். "பதினேழாந்தேதி அந்த ஜீப்புல நானும்தான் போனேன். அவ வாசல்ல நின்னா. எடமில்லன்னு என் வாயாலதான் சொன்னேன்" என்றேன். மாமியார் சின்னக்குழந்தை எழுந்து வந்து என் முகத்தில் துப்பினார். நான் துடைக்கவில்லை.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறும் பஸ் உண்டு. வந்து உன் பங்கைச் சொல்.

கோகிலவாணி