மேல் வரிசை, வலது ஓரம்

ஜூன் 4

அன்புள்ள வாண்டின் அப்பாவுக்கு,

நலம்தானே? நாங்களும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பெட்டிக்குள் இருப்பது வாண்டின் டேப். போன வாரம் மாடிப்படியில் விழுந்துவிட்டது. பழைய தலையணை உறைக்குள் போட்டுச் சுற்றியிருக்கிறேன். பிரிக்கும்போது கை பத்திரம், கண்ணாடி தூளாகக் கொட்டும். இங்கே இரண்டு கடைகளில் காட்டினேன். முதல் ஆள் பார்த்த உடனே சிரித்தார். இரண்டாவது ஆள், "அக்கா, குப்பையில போட்டுட்டு வேற வாங்குங்க. குழந்தை கேம் ஆடத்தானே?" என்றார். கேம் ஆட இல்லை, இதுதான் அவன் வாய் என்று நடுக்கடையில் நின்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? ஆறு வயதாகப் போகிறது, இன்னும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. படத்தைத் தொட்டால் டேப் பேசும். அப்படித்தான் தண்ணீர் கேட்டான், பசி என்றான், சாப்பிட்டதும் 'முடிஞ்சிடுச்சு' என்று தட்டைத் தள்ளினான். மெஷின் குரல் வேண்டாம், ஆம்பளைப் பிள்ளைக்கு அப்பா குரல்தான் பொருத்தம் என்று நீங்கள் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பதிவு செய்தீர்களே. "ரேடியோ ஸ்டேஷன் திறந்தாச்சா?" என்று கூட நான் கேலி செய்தேன். நீங்கள் ரிப்பேர் கடையில் வேலை என்று அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இந்த வீட்டில் உங்கள் குரல் தினமும் தண்ணீர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அவனுடைய பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள். வெளியே எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். உள்ளே இருக்கிற பேச்சு மட்டும் போய்விடக் கூடாது.

போன் செய்யாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போனில் உங்கள் குரல் கேட்டால் அவன் வீடு முழுக்கத் தேடுவான். அப்புறம் நாம் சண்டை போடுவோம். எழுதுவதே நல்லது.

வாண்டின் அம்மா


ஜூன் 10

அன்புள்ள வாயாடிக்கு,

பெட்டி வந்தது. உறை திரும்பி வராது. இங்கே என் தலையணைக்கு உறை இல்லை.

முதலாளி வெளியே போன நேரம் பார்த்துப் பிரித்தேன். திரை போய்விட்டது. பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நல்லவேளை, சார்ஜ் போட்டுப் பார்க்காமல் விட்டாய். விட்டாயா? போட்டுத்தான் பார்த்திருப்பாய். வெளிச்சட்டம் வளைந்திருக்கிறது. போர்டில் ஒரு மூலையில் வெடிப்பு. பேச்சு முழுக்க அந்த போர்டில் ஒட்டியிருக்கிற ஒரு சில்லில்தான் இருக்கிறது. வேறு போர்டு போட்டால் டேப் குதிரை மாதிரி ஓடும், வாண்டுதான் ஊமையாகிவிடுவான். ஆகையால் போர்டை வைத்துக்கொண்டு அதைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதே மாடலில் பழைய டேப் எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படியில் உருண்ட டேப்பை எல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரம் நசுங்கும், அங்கிருந்து விரிசல் ஓடும். இதில் ஓரமெல்லாம் நன்றாக இருக்கிறது. மேலே வலது பக்கம் ஒரே இடத்தில் குழி. யாரோ எதையோ வைத்துத் திரும்பத் திரும்பக் குத்தியது போல. அவன் அடிக்க ஆரம்பித்துவிட்டானா? உன்னையும் அடிக்கிறானா? அந்த இல்லத்தில் இன்னும் இடம் இருக்கிறதாம், விசாரித்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே ஆள் இருக்கிறார்கள். நான் சொன்னால் உனக்கு ஆகாது. இருந்தாலும் யோசி.

வாண்டின் அப்பா


ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

படியில்தான் விழுந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

உடனே பதில் எழுத முடியவில்லை. போன வாரம் அவன் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தான். தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டான். பிஸ்கட் கொடுத்தேன், எறிந்தான். வெளியே போகக் கேட்கிறான் என்று செருப்பு மாட்டினேன். குளிக்க வைத்தேன். விளக்கை அணைத்துப் பார்த்தேன். என் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு சுவரில் தலையை இடித்தான். மறுநாள் காலையில் தலையணையில் சீழ். காது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அவன் காது வலியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், நான் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது மருந்து போட்டுச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை.

எதிர்வீட்டு அக்கா அவர்கள் டேப்பைக் கொடுத்தார்கள். அதே மாதிரிப் படங்களை ஏற்றிக் கொடுத்தேன். யாரோ ஒரு பெண் குரல், "தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிப்பது போல் சொன்னது. வாண்டு அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அப்புறம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அக்கா, "என்னம்மா, உன் பையனுக்கு எங்க வீட்டு டேப் பிடிக்கலையா? உன்னைவிட ரோஷக்காரனா இருக்கானே" என்றார்கள். சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

இல்லத்தைப் பற்றி நீங்கள் போவதற்கு முன்பே பேசி முடித்தாகிவிட்டது. அவன் வலியைச் சொன்னால் எனக்கே புரியவில்லை. அங்கே யாருக்குப் புரியும்?

சீக்கிரம் சரி செய்து அனுப்புங்கள். அவன் மணிக்கட்டைக் கடிக்கிறான். முழுக்கைச் சட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

வாண்டின் அம்மா


ஜூலை 1

வாயாடிக்கு,

டேப் பேசிவிட்டது.

பழைய சாமான் கடையில் அதே மாடல் ஒன்று கிடைத்தது. போர்டு செத்துப்போன டேப், மற்றதெல்லாம் உருப்படி. நம்முடையதற்கு மூளை மட்டும் இருக்கிறது, அதற்கு உடம்பு மட்டும் இருக்கிறது. நம் கல்யாணத்தைவிடப் பொருத்தம். அதிலிருந்து சட்டம், திரை, பின்மூடி, சார்ஜ் போடுகிற பகுதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பேட்டரி மட்டும் புதிது. போர்டில் வெடிப்பு விழுந்து அறுந்திருந்த செம்புக் கோட்டின் மேல் முடி மாதிரி மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். முதல் தடவை பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "யாரு டேப்புடா, பொண்டாட்டிதா? அதான் கை ஆடுது" என்றார். மறுபடி சுரண்டி எடுத்துவிட்டு வைத்தேன். விளக்கு எரிந்தது.

ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தேன். தண்ணி. பசி. வெளியே போலாம். முடிஞ்சிடுச்சு. என் குரல்தான், ஆனால் யாரோ ஒரு நல்ல மனுஷன் பேசுவது போல் இருந்தது. கீழே போகப் போக உன் குரல் வந்தது. 'பயமா இருக்கு.' 'கை வலிக்குது.' 'கதவைத் திற.' 'எங்க?' இதெல்லாம் நான் வந்த பிறகு நீ சேர்த்தவை. பின்னால் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் வாஷர் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன குழாய்.

மேல் வரிசையில் வலது ஓரக் கட்டம் காலி. அங்கேதான் என் படம் இருந்தது. தொட்டால் 'அப்பா' என்று சொல்லும். உடைந்த கண்ணாடியை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். குழி விழுந்ததும் அதே இடம்தான்.

என்னை எடுத்ததும் நீ, குத்தியதும் நீயா? அவ்வளவு ஆத்திரம் என்றால் என்னிடம் காட்டியிருக்கலாமே. பிள்ளையின் வாயில் போயா காட்டுவது? நான் செத்தா போய்விட்டேன்?

புதிதாகப் படம் எடுத்து, புதிதாகப் பதிவு செய்து, அதே கட்டத்தில் வைத்திருக்கிறேன். இனிமேல் அதில் கை வைக்காதே.

வாண்டின் அப்பா


ஜூலை 7

அன்புள்ள உங்களுக்கு,

டேப் வந்தது. பார்த்தால் புதிது மாதிரி இருக்கிறது. துணி பீரோவின் மேல், அவனுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

எடுத்தது நான். குத்தியது நான் இல்லை.

நீங்கள் போன புதிதில் அந்தப் படத்தைத் தொடுவான். உங்கள் குரலே உங்களை 'அப்பா' என்று கூப்பிடும். கதவருகே போய் நிற்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி தொடுவான். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். நாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: தொட்டால் வரும். தண்ணீரைத் தொட்டால் தண்ணீர் வரும், பசியைத் தொட்டால் தட்டு வரும். இதைத் தொட்டால் மட்டும் ஏன் வரவில்லை என்று எந்தப் படத்தைக் காட்டி அவனுக்குச் சொல்வேன்? அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று நீங்கள் எனக்குத்தானே எழுதினீர்கள், அவனுக்கு எழுதவில்லையே. கடைசியில் டீச்சரைக் கேட்டேன். "பொய் சொல்ற படத்தை வைக்காதீங்கம்மா. மத்ததையும் நம்பாம போயிடுவான்" என்றார். அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

முதலில் காலிக் கட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் தட்ட ஆரம்பித்தான். நான் பார்க்காதது போல் இருந்தேன். டேப் உடைந்த அன்றைக்கு நான் குளித்துவிட்டு வருவதற்குள், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுப்போமே, அந்தக் கல்லைத் தூக்கி வந்திருக்கிறான். விரலெல்லாம் ரத்தம். அழவில்லை. கல்லை ஓரமாக வைத்துவிட்டு, உடைந்த இடத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா என்று பார்த்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதை அப்படியே எழுதியிருந்தால், அடிக்கிறான், இல்லத்தில் சேர் என்பீர்கள். அதனால்தான் படி என்று எழுதினேன். படி என்று எழுதியும் நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள்.

எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். வருவீர்களா? எப்போதாவது என்று எழுதாதீர்கள், ஒரு தேதி சொல்லுங்கள். வருவதானால் உங்கள் படத்தோடு கொடுக்கிறேன். இல்லையென்றால் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறேன். இந்தத் தடவை நீங்கள் சொல்லித்தான் எடுப்பேன். அதுவரை அவன் வாயைப் பீரோ மேல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

வாண்டின் அம்மா


ஜூலை 24

அன்புள்ள வாயாடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கடையில் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

கல் விஷயம் எனக்குத் தெரியாது. உன்னைப் போய் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

தேதி சொல்ல முடியவில்லை. முதலாளி லீவு தர மாட்டார் என்று எழுதலாம், உண்மையும் அதுதான். ஆனால் அது மட்டும் இல்லை. இங்கே நான் தூங்குகிறேன். அங்கே அவன் பிறந்ததிலிருந்து நான் தூங்கியதில்லை. நீயும்தான் தூங்கியதில்லை, தெரியும். கதவைத் திறந்தால் அவன் நின்றுகொண்டிருப்பான் என்று இப்போது எழுதிவிட்டாய். இனி அந்தக் கதவை எப்படித் திறப்பேன்?

படத்தை அழுத்திப் பிடித்தால் அழிக்கட்டுமா என்று கேட்கும். உனக்குத் தெரியாததா? எது சரியோ அதை நீயே பார்த்துச் செய்.

திரையின் மேல் மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். அதை உரித்துவிட்டுக் கொடு, இல்லாவிட்டால் தொடுவது சரியாகப் பதியாது.

வாண்டின் அப்பா


ஆகஸ்ட் 2

வாண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டேப்பைக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தலையா, வயிறா, மறுபடி காதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பிடிவாதத்துக்கு அவன் ஏன் வாய் மூடிக் கிடக்க வேண்டும் என்று தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டேன். உங்கள் படத்தை எடுக்கவில்லை. விரல் வைத்தேன். அழிக்கட்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்று தொட்டுவிட்டேன்.

தாளை நான் உரிக்கவில்லை. அவனே நகத்தால் கிளப்பி உரித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு வரிசையாகத் தொட ஆரம்பித்தான். 'தண்ணி' என்றது உங்கள் குரல். ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு 'பசி' தொட்டான். தட்டு வைத்தேன், சாப்பிடவில்லை. எது எது இன்னும் வருகிறது என்று சரிபார்க்கிறான் என்று அப்புறம்தான் புரிந்தது. 'தலை வலிக்குது' தொட்டான். மருந்து தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்திருந்தான்.

மறுநாள் காய்ச்சல் விட்டதும் மேல் வரிசைக்குப் போனான். புதுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். தொட்டான். 'அப்பா' என்றது. எழுந்து போய்க் கதவருகே நின்றான். நானும் பின்னால் போய் நின்றேன். உங்கள் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. எனக்கும் பதில் தெரியாது, இருவரும் ஒரே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி உங்கள் படத்தைத் தொட்டான். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. விரலை அப்படியே கீழே கொண்டுவந்து, தட்டைத் தள்ளும்போது தொடுவானே, அந்தப் படத்தைத் தொட்டான்.

'அப்பா. முடிஞ்சிடுச்சு.'

இரண்டுமே உங்கள் குரல்தான்.

இரண்டு படங்களைச் சேர்த்து அவன் சொன்ன முதல் பேச்சு இது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்காமலே, "ரெண்டு வார்த்தை சேர்த்துட்டானா? ரொம்ப நல்ல முன்னேற்றம்மா" என்று சந்தோஷப்பட்டார்.

அதன் பிறகு அவன் கதவருகே போகவில்லை. படம் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லியோ வைக்கச் சொல்லியோ இனி நான் உங்களைக் கேட்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். புது வார்த்தைகளை என் குரலில் சேர்த்துக்கொள்கிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றியாகிவிட்டது, பதிவு செய்யும்போது இப்போது சத்தம் இல்லை.

டேப் நன்றாக ஓடுகிறது. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

தலையணை உறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வாண்டின் அம்மா