தவளை விழும்போது வரும் பாட்டு

ஓசூர்
18.11.2007, ஞாயிறு

அன்பு மகன் கௌதமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஸ்வாதி மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஹைதராபாத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே பனி இறங்கிவிட்டது, காலை ஷிப்டுக்கு மப்ளர் இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாத்திரை போட்டீர்களா என்று நான் கேட்டால்தான் வலியே வருகிறதாம். ஸ்வாதி பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனைப் படிக்கிறாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் ராகிக் காட்டில் இறங்கிவிட்டன, அந்த வழியாக வரும் பெண்கள் எல்லாம் கம்பெனிக்குத் தாமதமாக வருகிறார்கள். போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய், போன ஞாயிறு நடந்ததே போதும்.

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, செல்போன் விளையாட்டுகளுக்கு இசை போடும் வேலைக்குப் போகிறேன், இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ சரி என்றால்தான் போவேன் என்றாய். விளையாட்டுக்குப் பாட்டு போடுறதெல்லாம் ஒரு வேலையாடா, நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சொன்னது தப்பு. அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் கம்பெனி லைனில் ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா. வண்டிக்கான ஒயரிங்கில் ஏதாவது தப்புத் தெரிந்தால் அதை இழுக்க வேண்டும், லைன் நிற்கும், பஸர் அடிக்கும். அந்தப் பஸர் சத்தத்தைக் கேட்டிருக்கிறாயா, திருடனைப் பிடித்த மாதிரி அலறும், நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் இழுக்கமாட்டார்கள், தப்பான பீஸ் அப்படியே போய்விடும். தீபாவளிக்கு முன்னால் சூப்பர்வைசர் பாஸ்கரன் சார், பஸருக்குப் பதிலாக ஏதாவது ஒரு இசை வைக்கப்போகிறோம், லைனில் மூத்தவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்றார். மற்றவர்கள் எல்லாம் சாமி பாட்டும் சினிமா பாட்டும் கொண்டுவந்தார்கள். நான் என்ன கொண்டுபோனேன் தெரியுமா? நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது தேர்த் திருவிழாக் கடையில் அழுது வாங்கினாயே டி.வி. கேம், அதில் குடை பிடித்துக்கொண்டு தாவும் தவளை, அது பாலத்திலிருந்து தண்ணீரில் விழும்போது வரும் பாட்டு. பரணிலிருந்து இறக்கி ஸ்வாதிதான் மாட்டினாள், அவள் செல்போனிலேயே பதிவு செய்தோம். அடாப்டர் எரிஞ்சுபோச்சுன்னு அண்ணன்கிட்ட சொன்னியேம்மா, நல்லாத்தானே இருக்கு என்று அவள் கேட்டதும் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆமாம், அது எரியவில்லை. நீ பத்தாம் வகுப்புக்குப் படிக்க வேண்டும் என்று நான்தான் உளுந்து டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். முழுசாகவே சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வருவேன், நீ பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்தாகும், அந்த இடைவெளியில் அடாப்டரை எடுத்து மாட்டி நானே ஆடியிருக்கிறேன். ஒரு வருஷம் ஆடியும் மூன்றாவது பாலத்தைத் தாண்டவில்லை. கம்பெனியில் அன்றைக்கு யாரிடமாவது திட்டு வாங்கியிருப்பேன், நினைப்பு அங்கேயே நிற்கும், பட்டனைப் பிந்தி அழுத்துவேன், தவளை தொப்பென்று விழும். அப்போது அந்தப் பாட்டு வரும், ஐந்தாறு விநாடிதான். கேலியும் இல்லை, அதட்டலும் இல்லை. விழுந்தாயா, சரி, குடையை எடு, வா என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்வதுபோல இருக்கும். ஆயிரம் தடவை விழுந்திருப்பேன், ஒரு தடவைகூட அது எனக்குச் சலிக்கவில்லை. அப்படி ஒன்றைச் செய்தவருக்கு வேலை தெரியும் கௌதம். ஒரே வேலையை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை செய்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? இத்தனையும் தெரிந்துகொண்டு உன்னைத் திட்டினேன் பார், அதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நீயும் நானும் சண்டை போட்ட மறுநாள் திங்கட்கிழமைதான் எல்லாவற்றிலும் அந்தப் பாட்டையே தேர்ந்தெடுத்து லைனில் மாட்டினார்கள். என் பக்கத்து மேஜையில் மாதேஸ்வரி என்று ஒரு பெண், ஜவளகிரிக்காரி, சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கன்னடத்தில் ஒரு வார்த்தை, தமிழில் ஒரு வார்த்தை பேசுவாள், அதுவும் கேட்டால்தான். கயிற்றை அவள் தொட்டதே கிடையாது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தவளைப் பாட்டு கேட்கிறது, யார் என்று பார்த்தால் மாதேஸ்வரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலைந்து பெண்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒயரோட பின்னு உள்ளே போகுது, ஆனா பூட்டிக்கிற க்ளிக்குன்னு சத்தம் வரலைக்கா, காலையிலேர்ந்து இப்படித்தான், அந்தப் பழைய சத்தமா இருந்தா பயந்துகினு விட்டிருப்பேன் என்று என்னிடம் சொன்னாள். பார்த்தால் புதிதாக வந்த பெட்டி முழுக்க, ஒயர் முனையைப் பிடித்துவைக்கும் பூட்டு நிற்கவில்லை. ஓடும் வண்டியில் கழன்றால் முன்விளக்கு அணைந்துவிடும், இருட்டில் போகிறவன் கதி என்ன ஆவது? காலையில் செய்த பீஸ்களை ஏற்றிக்கொண்டு கேட்டில் நின்ற லாரியையே திருப்பி இறக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாதேஸ்வரி பார்த்துவிடக் கூடாது என்று கையுறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஷிப்ட் முடியும்போது பாஸ்கரன் சார் கூப்பிட்டு, தை மாதம் இரண்டாவது லைன் வருகிறது, அதற்கும் இதே பாட்டை வைத்தால் எந்த லைன் நின்றது என்று குழப்பமாகிவிடும், இதே மாதிரி வேறொன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என் மகனே போட்டுத் தருவான் சார், விளையாட்டுக்கு இசை போடுவதுதான் அவன் வேலை என்று சொல்லிவிட்டேன். பத்துப் பேர் நடுவில் சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அதோடு தீர்ந்தது. ஆகையால் இருபத்தைந்து வரைக்கும் காத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சரி என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். அப்பாவிடமும் கேட்டேன், எனக்கு அன்றைக்கே சம்மதம், நீதான் போனை வைத்துவிட்டாயே என்கிறார். பழைய கம்பெனியில் முகம் சுளிக்காமல் விடைபெறு, அனுபவச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்கு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. காதில் மாட்டுவதை மெதுவாக வைத்துக் கேள், இனி உனக்குச் சோறு போடப்போவது அந்தக் காதுதான். நீ எடுத்த காரியம் துலங்கும், நம் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் துணை நிற்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

தை பிறப்பதற்குள் பாட்டை அனுப்பிவை. ஆனால் ஒன்று, மகன் போட்டது என்று நான் சலுகை காட்டமாட்டேன். மூன்றாம் நாள் எங்களுக்குச் சலித்தால் ரிஜெக்ட் பீஸ் போடும் சிவப்பு ட்ரேயில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படி வந்தால் சோர்ந்துவிடாதே, குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் வா.

இப்படிக்கு,
மூன்றாவது பாலத்தில் நிற்கும் உன் அம்மா,
சு. தங்கமணி