மாடி அறை வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிகாகோவிலிருந்து எவரார்தோ வணங்கி எழுதுவது. நான் நலம். மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா?

நேற்று இங்கே கூரை வேலையில் இருந்தபோது, ஊரில் நம் வீட்டைக் கட்டும் கொத்தனார் செலெதோனியோ போனில் கூப்பிட்டார். "தம்பி, கம்பி விலை ஏறிப்போச்சு. பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணும்னா ஒரு ரூமைக் குறைக்கணும். அம்மாதான் போய்ட்டாங்களே, அவங்க ரூமை விட்டுடலாமா?" என்றார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த இங்கத்து மேஸ்திரி, "வீடு கட்டுறவன் எல்லாம் அழுவான்டா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

விசா இல்லாமல் எல்லையைத் தாண்டி ஊருக்கு வந்தால் மறுபடி இங்கே வேலைக்குத் திரும்பமுடியாது என்று பயந்து, அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வராதவன் நான். எனக்கெதற்கு மாடி அறை? அதை விட்டுவிடச் சொல்லுங்கள். அம்மாவின் அறையை அவள் கேட்டபடியே, சோளக்காட்டைப் பார்த்த ஜன்னலோடு கட்டட்டும். அவளுடைய சால்வையை அங்கே வையுங்கள். துவைத்துவிடாதீர்கள், அப்பா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
எவரார்தோ